காய்ச்சல் போச்சு, அசதி போகலை: சிக்குன்குனியா புதுச்சேரியில் விட்டுப்போனது என்ன?

1/ இன்னைக்கு ஒரு நீளமான இழை. மருந்து பெயர் எதிர்பார்த்து வந்தவங்களுக்கு ஏமாற்றமா இருக்கும், ஏன்னா இது பெரும்பாலும் வரலாறு. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா விடாத அசதியோட வாழறவங்களுக்காகவும், அவங்களோட ஒரே வீட்டில் இருக்கிறவங்களுக்காகவும் எழுதறேன். நீங்க முதல் ரகம்னா, ஒரே மூச்சில் படிக்காதீங்க. பத்து பதிவு படிச்சிட்டு கண்ணை மூடிப் படுங்க. மீதி நாளைக்கும் இங்கேயேதான் இருக்கும்.

2/ போன வாரம் ஒரு தங்கை இன்பாக்ஸில் கேட்டாங்க: "ஞாயித்துக்கிழமை உடம்பு நல்லா இருக்கேன்னு வீடு முழுக்க ஒட்டடை அடிச்சேன் சார். செவ்வாய்க்கிழமை பல் தேய்க்கக்கூட நிக்க முடியல. எல்லா டெஸ்ட்டும் நார்மல். நான் சோம்பேறியா?" இந்தக் கேள்வியை நான் முதல்முறை கேட்டது 2007ல். அப்போ நான் சொன்ன பதில் தப்பு. அந்தத் தப்பு என்னோடது மட்டும் இல்லை, அதுக்குப் பின்னாடி ஒரு நீண்ட கதை இருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்.

3/ 2007. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனா இருந்தேன். மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க ஓ.பி.க்கு வந்தாங்க, நாற்பது வயசு இருக்கும். முந்தின வருஷம் சிக்குன்குனியா வந்திருக்கு. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுடுச்சு, மூட்டுவலியும் பாதி குறைஞ்சிடுச்சு. "அசதி மட்டும் போகமாட்டேங்குது தம்பி. மார்க்கெட்டுக்குப் போற அன்னிக்கு நல்லாதான் இருக்கு. மறுநாளு ஆளை அடிச்சிப் போட்டாப்ல ஆயிடுது."

4/ அவங்களே ஒரு வழியும் கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க. "அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் போறேன். நடுவுல ஒருநாள் படுத்துக்குறேன்." ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தோம், ஒண்ணும் இல்லை. நான் சொன்னேன்: "படுத்துப் படுத்துதான்க்கா உடம்பு கெட்டுப்போச்சு. தினமும் போங்க, பழகிடும்." கூடவே சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சொல்லிட்டாரேன்னு தினமும் போனாங்க. மூணு வாரம் கழிச்சு அவங்க பொண்ணுதான் வந்தா. அம்மா எழுந்து உட்காரவே இல்லைன்னு சொன்னா.

5/ இப்போ வரலாற்றுக்கு வருவோம். 1952ல் இன்றைய தான்சானியாவின் தெற்கில், மகோண்டே பீடபூமியில், புதுசா ஒரு காய்ச்சல் பரவியது. அந்த மக்களின் மொழியிலிருந்து எடுத்த பெயர்தான் சிக்குன்குனியா. 'வளைத்து முடக்குவது' என்ற பொருள். மூட்டுவலியில் ஆள் நிமிர முடியாமல் குனிந்து நடப்பதைப் பார்த்து வைத்த பெயர். காய்ச்சலை விட, அது ஒரு மனுஷனை எப்படி நடக்க வைக்குதுங்கிறதுதான் ஜனங்க மனசில் நின்னிருக்கு.

6/ இந்தியாவில் 1963ல் கல்கத்தாவில் பதிவாச்சு. 1964ல் சென்னை, வேலூர், புதுச்சேரி. அப்போ இந்த ஊர் எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1ல் நிர்வாகத்தை ஒப்படைச்சாங்க, சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16ல்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளியின் வழிவந்த கல்லூரி, ஜிப்மர் என்ற பெயரில் 1964 ஜூலை 13ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே 1964ல்தான் சிக்குன்குனியாவும் ஊருக்குள்ள வந்தது.

7/ வேலூரில் வைரஸ் ஆராய்ச்சி செய்த டொனால்ட் கேரி 1971ல் ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதினார். பழைய காலத்தில் 'டெங்கு' என்று பதிவான சில கொள்ளைக் காய்ச்சல்கள் உண்மையில் சிக்குன்குனியாவாக இருந்திருக்கலாம் என்பது அவர் வாதம். 1779ல் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டேவிட் பைலான் என்ற டச்சு மருத்துவர் எழுதி வைத்த 'மூட்டுக் காய்ச்சல்' அதில் ஒன்று. அவருக்குக் கிடைத்த முக்கியமான தடயம், காய்ச்சல் விட்ட பிறகும் விடாத மூட்டுவலி. ஆக, 'காய்ச்சலுக்குப் பின்' என்ற பகுதியை அன்றைய மருத்துவர்கள் கவனமா எழுதி வெச்சிருக்காங்க. நாமதான் அதை மறந்துட்டோம்.

8/ 1973ல் மகாராஷ்டிராவின் பார்சியில் ஒரு பரவல். அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல சிக்குன்குனியா இந்தியாவில் பெரிசா தலைகாட்டலை. நான் எம்.பி.பி.எஸ். படிச்சப்போ புத்தகத்தில் அது சில வரி. தேர்வுக்கு வராதுன்னு தாண்டிப் போனோம். ஒரு நோய் ஊரை விட்டுப் போனா, அதைப் பத்தின அனுபவமும் வார்டை விட்டுப் போயிடும். 1964ல் நோயாளிகளைப் பார்த்த டாக்டர்கள் 2006ல் பணியில் இல்லை.

9/ அடுத்த கட்டம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரீயூனியன் தீவு. அது நமக்கு அந்நிய இடம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் இருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குப் போனாங்க. அவங்க வாரிசுகளை அங்கே 'மலபார்' என்றுதான் கூப்பிடறாங்க. இன்னைக்கும் தீமிதியும் காவடியும் நடக்கிற ஊர். அந்தத் தீவில் 2005ல் சிக்குன்குனியா நுழைந்தது. 2006 முடிவதற்குள் சுமார் 2,66,000 பேர், அதாவது மூணுல ஒரு பங்கு ஜனம், படுத்தாச்சு.

10/ அதே காலத்தில், 2005 கடைசியில் தொடங்கி இந்தியாவிலும் திரும்ப வந்தது. 2006ல் அரசுக் கணக்கில் சந்தேகத்துக்குரிய நோயாளிகள் 13.9 லட்சம். ஜனங்க வாயில் அது 'சிக்கன் குனியா' ஆச்சு, கோழிக்கறியால் வருதுன்னு பயந்து பலர் கறியையே விட்டாங்க. பரப்பினது என்னவோ வீட்டுத் தொட்டியிலும் தேங்காய் ஓட்டிலும் டயரிலும் தேங்கின தண்ணியில் முட்டை போட்ட ஏடிஸ் கொசு. தெருவுக்குத் தெரு ஜனங்க சுவரைப் பிடிச்சு நடந்தது, வாசப்படி ஏற முடியாம உட்கார்ந்தது எல்லாம் அந்த வருஷத்தைப் பார்த்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

11/ ஒரு கொள்ளைநோய் முடிந்ததும் அரசாங்கம் ரெண்டு கணக்கு பார்க்கும்: எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் செத்தார்கள். 2006ல் சிக்குன்குனியாவால் சாவு என்று அரசு எதையும் ஏற்கவில்லை. ஆனா அகமதாபாத் மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அந்த ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வழக்கத்தை விட 2,944 சாவுகள் கூடுதல்னு 2008ல் எழுதினாங்க. சாவுக் கணக்கிலேயே இவ்வளவு இடைவெளி. அப்போ சாகாம, எழுந்திரிக்கவும் முடியாம இருந்தவங்களை யார் கணக்கெடுத்தது?

12/ அதை எண்ணியது நம்ம ஊர். புதுச்சேரியில் 1975ல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், கொசு யானைக்கால் மலேரியா என்று வேலை பார்க்கிற மத்திய நிறுவனம். அங்கிருந்த விஞ்ஞானிகள் 2009ல் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. 2006ல் சிக்குன்குனியாவால் இந்தியா இழந்த ஆரோக்கிய வாழ்நாள் 25,588 ஆண்டுகள். வருமான இழப்பு குறைந்தபட்சம் ரூ. 39 கோடி. இதில் கவனிக்க வேண்டியது: மொத்தச் சுமையில் 69 சதவீதம், காய்ச்சல் போன பிறகு நீடித்த மூட்டுவலியால் வந்தது.

13/ இதை நிதானமா யோசிச்சுப் பாருங்க. ஒரு நோயோட சுமையில் மூணுல ரெண்டு பங்கு, ஆஸ்பத்திரி 'குணமாகிவிட்டார்' என்று எழுதி அனுப்பின பிறகு நடக்குது. ஓ.பி. சீட்டில் அது இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை, நாளிதழில் இல்லை. அது நடக்கிற இடம் சமையலறை, கிணத்தடி, மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட். அந்த மீன்கார அக்கா வந்து என்கிட்ட சொன்னது இந்த மூணுல ரெண்டு பங்கைப் பத்தித்தான். எனக்கு அது காதில் ஏறலை.

14/ மூட்டுவலிக்காவது ஒரு வசதி உண்டு. வீங்கின மூட்டைத் தொட்டுக் காட்டலாம். அசதியை எங்கே காட்டறது? ரீயூனியனில் காய்ச்சல் வந்து ரெண்டு வருஷம் ஆனவங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அந்தத் தகவல்களை வைத்து 2018ல் வந்த கட்டுரை, சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய நோய்க்கு ரெண்டு முகம் என்று சொன்னது. ஒன்று மூட்டுநோய், இன்னொன்று நாள்பட்ட அசதி. அக்கா சொன்னதுக்கும் அந்தக் கட்டுரைக்கும் நடுவில் 11 வருஷம்.

15/ சரி, அசதியை டாக்டர்கள் ஏன் நம்பலை? இதுக்கு லண்டன் வரை போகணும். ஒரு சென்னைக்காரங்க வழியாகவே போவோம். 1875ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர் மேரி ஷார்லீப். பிறகு லண்டன் போய்ப் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படிச்சார். திரும்பி வந்து அவர் உருவாக்கியதுதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. அந்த லண்டன் பள்ளி மாணவிகள் வார்டு பயிற்சி எடுத்த இடம் ராயல் ஃப்ரீ மருத்துவமனை. பெண் டாக்டர்களும் நர்சுகளும் நிறைந்த இடம். கதையில் இது முக்கியம்.

16/ 1955 ஜூலை 13. ராயல் ஃப்ரீயில் ஒரு இளம் டாக்டரும் ஒரு வார்டு சிஸ்டரும் நோயில் விழுந்தாங்க. அடுத்தடுத்து நர்சுகள், மாணவிகள், ஊழியர்கள். தலைவலி, தசைவலி, தலைசுற்றல், கை கால் பலவீனம். மொத்தம் 292 ஊழியர்கள். ஆஸ்பத்திரியையே ஜூலை கடைசியில் மூடி அக்டோபரில்தான் திறந்தாங்க. வினோதம் என்னன்னா, ஏற்கெனவே படுத்திருந்த நோயாளிகளில் மிகச் சிலருக்குத்தான் வந்தது. இதே மாதிரி 1934ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மருத்துவமனையில் 198 ஊழியர்களுக்கு வந்திருக்கு.

17/ 1956ல் 'லான்செட்' இதழ் இதுக்கு ஒரு பெயர் முன்மொழிந்தது: மயால்ஜிக் என்செஃபலோமயலைடிஸ். சுருக்கமா எம்.இ. ராயல் ஃப்ரீயின் தொற்றுநோய் மருத்துவர் மெல்வின் ராம்சே இந்த நோயாளிகளைப் பல வருஷம் விடாம பின்தொடர்ந்தார். அவர் கவனிச்சது ரெண்டு. சின்ன வேலை செஞ்சாலும் தசை பழைய நிலைக்குத் திரும்ப நாள்கணக்கா ஆகுது. ஆரம்பத்திலேயே முழு ஓய்வு கிடைத்தவர்கள்தான் நல்லா தேறினாங்க. காய்ச்சல் விட்டாலும் பத்தியம் இருந்து, வெளியில அலையாதேன்னு நம்ம பாட்டிங்க சொன்னதும் இதேதான்.

18/ 1970ல் ரெண்டு மனநல மருத்துவர்கள், மெக்கெவ்டி, பியர்டு, அந்தப் பழைய கேஸ் ஷீட்டுகளைப் படிச்சிட்டு ஒரு முடிவுக்கு வந்தாங்க: இது கூட்டு ஹிஸ்டீரியா. அவங்க காட்டின காரணங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது. பெண்கள் நிறைந்த ஆஸ்பத்திரியில் வேற யாருக்கு வரும்? அந்த ஒரு வார்த்தை அடுத்த தலைமுறை டாக்டர்கள் மனசில் உட்கார்ந்துடுச்சு. உலக சுகாதார நிறுவனம் 1969லேயே இதை நரம்பு நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தும்கூட.

19/ 1988ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் புதுப் பெயர் வைத்தது. தமிழில் சொன்னா 'நாள்பட்ட அசதி நோய்க்குறி'. கேட்கிறவங்க உடனே என்ன சொல்லுவாங்க? "அசதியா? எனக்கும்தான் தினமும் அசதி." மாரடைப்புக்கு 'நெஞ்சு அசௌகரிய நோய்'னு பெயர் வெச்சா எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க? பெயர் சாதாரணமா இருந்தா மாமியாரும் மேனேஜரும் அதை சாதாரணமாத்தான் எடுத்துப்பாங்க.

20/ அப்புறம் ஒரு கோட்பாடு வந்தது. நோயாளி பயந்து படுத்தே கிடந்ததால்தான் உடம்பு தளர்ந்துபோச்சு, படிப்படியா உடற்பயிற்சியைக் கூட்டினா சரியாகிடும் என்று. பிரிட்டனில் 641 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2011ல் அதை ஆதரித்தது. நோயாளிகள் விடலை. தகவல் உரிமைச் சட்டம் வழியா வழக்கு நடத்தி 2016ல் மூலத் தரவுகளை வாங்கினாங்க. முதலில் திட்டமிட்ட அளவுகோலை வைத்துத் திரும்பக் கணக்கிட்டப்போ, சொன்ன பலனில் பெரும்பகுதி நிற்கவில்லை. 2007ல் நான் அந்த அக்காவுக்குச் சொன்ன "தினமும் போங்க, பழகிடும்" இந்தக் கோட்பாட்டோட ஓ.பி. வடிவம்தான்.

21/ 2015ல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அலசி ஒரு அறிக்கை விட்டது. இந்த நோயின் மைய அறிகுறி வெறும் அசதி இல்லை, உழைப்புக்குப் பின் வரும் சரிவு என்றது. உடம்பாலோ மூளையாலோ மனசாலோ கொஞ்சம் கூடுதலா செலவழிச்சா, சில மணி நேரம் கழிச்சோ ஒன்றிரண்டு நாள் கழிச்சோ எல்லா அறிகுறியும் ஏறும், நாள்கணக்கா நீடிக்கும். அந்தப் பக்கத்தைப் படிச்சப்போ எனக்கு அக்கா குரல்தான் கேட்டுச்சு. "மறுநாளு ஆளை அடிச்சிப் போட்டாப்ல." இதை நான் இனிமே 'மறுநாள் சரிவு'ன்னே சொல்றேன்.

22/ 2021 அக்டோபரில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் பழைய வழிகாட்டியைத் திருத்தியது. படிப்படியா கூட்டுகிற உடற்பயிற்சியை சிகிச்சையாகக் கொடுக்காதீங்க என்று எழுதியது. அதுக்குப் பதில், இருக்கிற சக்திக்குள்ள வாழக் கத்துக்கொடுங்க என்றது. அதுக்குள்ள கொரோனா வந்துட்டிருந்தது. 'லாங் கோவிட்' என்ற பெயரை 2020 மே மாதம் முதலில் எழுதினவங்க ஒரு நோயாளி, எலிசா பெரேகோ என்ற தொல்லியல் ஆய்வாளர். இந்த முறை பெயர் வைக்கிற வேலையை ஜனங்க டாக்டர்களுக்கு விட்டு வைக்கலை.

23/ இப்போ திரும்பிப் பாருங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் மார்க்கெட், நடுநாள் ஓய்வு. 2021ல் பிரிட்டன் நிபுணர் குழு வந்து சேர்ந்த இடத்துக்கு, விடியற்காலை ஏலம் எடுத்து அன்னக்கூடை தூக்கின ஒரு பெண், யாரும் சொல்லிக்கொடுக்காம 2007லேயே வந்து சேர்ந்திருந்தாங்க. அதைக் கலைச்சு விட்டவன் நான். அவங்க அதுக்கப்புறம் எங்க ஓ.பி.க்கு வரவே இல்லை. இந்த இழையை எழுதறதுக்குக் காரணமே இதுதான்.

24/ இன்னொரு உண்மையையும் சொல்லணும். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரீமியப் போரில் 1855ல் காய்ச்சலில் விழுந்து, பிறகு வருஷக்கணக்கா படுக்கையிலும் அறைக்குள்ளேயும்தான் வாழ்ந்தார். யாரா இருந்தாலும் முன்னாடியே சொல்லிட்டு வரணும், ஒரு நேரத்தில் ஒரே ஆள். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராம, இந்திய ராணுவ முகாம்களின் சுகாதாரம் பற்றிய 1863 அறிக்கைக்கு உழைத்தது அப்படித்தான். அவர் பிறந்த மே 12தான் இந்த நோயின் விழிப்புணர்வு நாள். ஆனா அவருக்கு வேலைக்காரங்க இருந்தாங்க, பணம் இருந்தது. நம்ம அக்காவுக்கு ஓய்வெடுத்த நாள் கூலி இல்லாத நாள். ஓய்வு எடுங்கன்னு சொல்றது சுலபம், அதை யார் ஈடுகட்டறதுன்னு யோசிக்கிறதும் சிகிச்சையில் சேரும்.

25/ அதனால இனி வர்றது நம்ம வீட்டுக்கு ஏத்த மாதிரி. முதல்ல ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க: இன்னைக்கு என்ன செஞ்சேன், நாளைக்கும் நாளன்னைக்கும் எப்படி இருந்தேன். பத்துக்கு எத்தனை மார்க்குன்னு போட்டா போதும். சரிவு வந்த நாளுக்கு முந்தின ரெண்டு நாளைத் திரும்பிப் பாருங்க. உங்க எல்லை அங்கே தெரியும். சிலருக்கு அது கல்யாண வீடு, சிலருக்கு ரெண்டு மாடிப்படி, சிலருக்கு ஒரு மணி நேர போன் பேச்சு. மனசு அலையறதும், சண்டையும், கணக்கு எழுதறதும்கூட செலவுதான்.

26/ அந்த எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்துங்க. இதுதான் ரொம்பக் கஷ்டம், ஏன்னா நிறுத்த வேண்டிய நேரத்தில் உடம்பு நல்லாவே இருக்கும். நல்லா இருக்கிற நாளில் பாக்கி வேலையெல்லாம் முடிக்கிற பழக்கம்தான் அடுத்த சரிவைக் கொண்டு வருது. காய் நறுக்கறதை முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து செய்ங்க. அடுப்பு பக்கத்தில் ஸ்டூல். குளிக்கும்போது பிளாஸ்டிக் நாற்காலி. துணி ஒரு நாள், பாத்ரூம் கழுவறது வேற நாள். இருபது நிமிஷ வேலைக்கு அப்புறம் பத்து நிமிஷம் போனும் டிவியும் இல்லாம படுங்க.

27/ சரிவு வந்துட்டா? அன்னைக்கு ஜெயிக்கப் பார்க்காதீங்க. கழிப்பறை, தண்ணி, சாப்பாடு, மருந்து, இது நாலு போதும். தலைமாட்டில் ஒரு பையைத் தயாரா வெச்சிருங்க: தண்ணி பாட்டில், பிஸ்கட் அல்லது பொரிகடலை, மாத்திரை, சார்ஜர், ஈரத்துணி. ஜன்னலுக்கு ஒரு திரை, காதுக்குப் பஞ்சு. கஞ்சியோ மோர்சாதமோ போதும், இட்லி மாவு கடையில வாங்கினா குத்தம் இல்லை. நம்ம கடலோரப் புழுக்கத்தில் கத்திரி வெயில் சரிவை இன்னும் மோசமாக்கும், அந்த மாசங்களில் திட்டத்தையே பாதியாக்குங்க. எழுந்ததும் தலை சுத்தினா மெதுவா, உட்கார்ந்து எழுந்திரிங்க.

28/ சரிவு விட்டதும் பழைய அளவுக்கு ஒரே நாளில் திரும்பாதீங்க. முன்னாடி செஞ்சதில் பாதியில் ஆரம்பிச்சு, சில நாள் நிலையா இருந்தா மட்டும் கூட்டுங்க. தினக்கூலி ஆளுங்களுக்கு: பக்கத்துக் கடைக்காரங்களோட முறை வெச்சு உட்காருங்க, சுமையை ஷேர் ஆட்டோவில் ஏத்துங்க, ஏலத்துக்குப் போற ஆளும் விக்கிற ஆளும் வேற வேறயா இருக்கட்டும். மகளிர் குழுவில் சொல்லி வைங்க. அசதின்னு சொன்னா புரியலைன்னா, "வேலை செஞ்ச மறுநாள் விழுந்துடறேன், டாக்டர் அளந்து செய்யச் சொல்லியிருக்கார்"னு சொல்லுங்க.

29/ எச்சரிக்கை, தயவுசெஞ்சு இதைத் தாண்டிப் போகாதீங்க. எல்லா அசதியும் இந்த நோய் இல்லை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய், பி12 குறைவு, சிறுநீரகம், கல்லீரல், தூக்கத்தில் மூச்சடைப்பு, மனச்சோர்வு, இதெல்லாம் பார்த்தே ஆகணும். இவற்றுக்கு மருந்து இருக்கு. எடை குறையுது, காய்ச்சல் விடலை, மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, சாகலாம்னு தோணுதுன்னா உடனே ஆஸ்பத்திரி. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் 'குட்டி வெள்ளை மாத்திரை'ன்னு ஸ்டீராய்டு வாங்கி மாசக்கணக்கில் போடாதீங்க.

30/ இன்னொன்னு: காய்ச்சலுக்கு அப்புறம் அசதி வர்ற பெரும்பாலானவங்க சில வாரங்களில், மாதங்களில் தேறிடுவாங்க. வெறும் மூட்டு இறுக்கம் இருக்கிறவங்களுக்கு மெதுவான பயிற்சி நல்லதும் செய்யும். யாருக்குப் பயிற்சி, யாருக்கு ஓய்வு? பிரிச்சுப் பார்க்க விலையுயர்ந்த ஸ்கேன் தேவையில்லை, ஒரு கேள்வி போதும்: "கொஞ்சம் கூடுதலா வேலை செஞ்சா, மறுநாளும் அதுக்கு மறுநாளும் எப்படி இருக்கீங்க?" நான் இப்போ அசதின்னு வர்ற எல்லார்கிட்டயும் இதைக் கேட்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கவும் கத்துக்கிட்டேன்.

31/ வீட்டுல இருக்கிறவங்களுக்கு: நேத்து சிரிச்சுப் பேசினவங்க இன்னைக்கு படுத்துக் கிடந்தா அது நடிப்பு இல்லை, நேத்தோட பில் இன்னைக்கு வந்திருக்கு. "கொஞ்சம் எழுந்து நடந்தாதான் சரியாகும்"னு சொல்லாதீங்க. "இன்னைக்கு எந்த ஒரு வேலையை நான் எடுத்துக்கட்டும்?"னு கேளுங்க. ஜூனியர் டாக்டர்களுக்கு: ரிப்போர்ட் நார்மல்னா நம்மகிட்ட இருக்கிற டெஸ்ட்டுக்கு அது தெரியலைன்னு மட்டும்தான் அர்த்தம். நோயாளி தானா ஒரு வழி கண்டுபிடிச்சு வந்திருந்தா, அதைக் கலைக்கிறதுக்கு முன்னாடி ஏன்னு ஒரு தடவை கேளுங்க.

32/ இன்பாக்ஸில் கேட்ட தங்கைக்கு: இல்லைம்மா, நீங்க சோம்பேறி இல்லை. சோம்பேறி ஒட்டடை அடிக்க மாட்டான். அடுத்த ஞாயிறு ஒரு அறை மட்டும் அடிங்க, அதுவும் உட்கார்ந்து முடியற உயரம் வரைக்கும். திங்கள், செவ்வாய் எப்படி இருந்துச்சுன்னு நோட்டுல எழுதிட்டு வாங்க, பேசலாம். இதைப் படிக்கிற யாருக்காவது உங்க அனுபவம் சொல்லத் தோணினா கீழே எழுதுங்க. தெம்பு இருக்கிறப்போ எழுதினா போதும், அவசரமே இல்லை.